இன்னும் வராத இனிப்பு நீர்

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. கால் விரலில் வந்த புண் ஆறாமல் போய், முட்டிக்குக் கீழே காலை எடுத்தபோதுதான் தெரிந்தது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய மனிதர், கடைசிக் காலத்தில் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவரைத் தூக்கிக் குளிப்பாட்டக்கூட நான் யாரையும் கூப்பிட்டதில்லை. ஒருவரிடமும் ஒன்றும் கேட்டுப் பழகாதவள் நான்.

இப்போது என் மகன். தோட்டத்துக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறான். அப்பாவுக்கு இருந்த அதே தொப்பை.

ரத்தப் பரிசோதனை என்றால் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த நாள் நெருங்கினால் விரதக்காரன் ஆகிவிடுவான். சோற்றைக் குறைப்பான், தேத்தண்ணியில் கெட்டிப்பால் வேண்டாம் என்பான், பாகற்காயை அரைத்துக் குடிப்பான். முடிவு வந்ததும், "பாத்தியாம்மா, கிளீன் லா!" என்று சிரிப்பான். அன்றைக்கே ஆட்டுக்கறி வாங்கி வருவான்.

நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "தோட்டத்துத் தொர வர்றாருன்னா, வேல வாங்கற மண்டோரு ரோட்டோரத்து மர நெரையிலதான் புல்லு வெட்டச் சொல்லுவான். உள்ள போனா லாலாங்குப் புல்லு இடுப்பு ஒசரம் நிக்கும். அந்த வேலைய நீ ஒடம்புல செய்யறடா."

"தொர உள்ள போய்ப் பாக்கமாட்டாரும்மா," என்றான்.

இந்தத் தடவை பார்த்துவிட்டார்கள். முடிவு கேட்கப் போனபோது, என் பிரஷர் மருந்தும் வாங்க வேண்டியிருந்ததால் நானும் கிளினிக்குக்குள் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண். சீனி இன்னும் வியாதிக் கணக்குக்கு வரவில்லை என்று சொன்னார். மகன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

"ரத்தத்தில் கொழுப்பு தானாக நடந்து போகாது, அண்ணே. அதைச் சுமக்க லோரி மாதிரி ஒன்று வேண்டும். உங்கள் ரத்தத்தில் கொழுப்பு ஏற்றிய பெரிய லோரிகள் நிறைய ஓடுகின்றன. மிச்சத்தை வாரிக்கொண்டு திரும்பும் நல்ல லோரிகள் குறைவு. வயிறும் இப்படி, அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. இதெல்லாம் சேர்ந்தால் பின்னாலேயே சீனி வரும் வாய்ப்பு அதிகம். இப்போதே மாறினால் தடுக்கலாம்."

"ஓவர்லோடா? அப்ப ரோட்டுல சம்மன் குடுப்பாங்களே!" என்றான் மகன்.

டாக்டர் கேட்டார்: "எப்போதும் என்ன சாப்பிடுவீர்கள்?"

"கீரை, பாகற்காய்," என்றான் கூசாமல்.

"பொய் சொல்றான், டாக்டர்," என்றேன். மலாயில்தான் சொன்னேன், அவருக்கு நன்றாகப் புரியட்டும் என்று.

காரில் திரும்பினோம். சுங்கை புரோங் ஊர்ப் பக்கம் நெல்வயல் முழுக்கத் தண்ணீர் கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினான். கடைக்காரருக்கு அவனைத் தெரியும். கேட்காமலே ரொட்டி சானாய் இரண்டும், கெட்டிப்பால் தேத்தண்ணியும், ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன.

"இன்னும் வரலன்னுதானே சொன்னாங்க," என்றான், தட்டைப் பார்த்தபடி. "வந்தா பாத்துக்கலாம்மா. மருந்து இருக்கு."

"உங்கப்பாவுக்கும் மருந்து இருந்துச்சுப்பா."

"அவருக்கு லேட்டாத் தெரிஞ்சிச்சு."

"உனக்கு முன்னயே தெரிஞ்சிருச்சே. அதனால என்னா செஞ்ச?"

தட்டைத் தன் பக்கம் இழுத்தான். அப்போது என் கை தானாக நீண்டு அவன் தட்டை மூடியது. பக்கத்து மேசையில் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வேணாம் ராசா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவனுக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வரவில்லை. என் கையை மெல்ல எடுத்து, குழம்பு பட்ட விரல்களைத் தாளால் துடைத்து, என் மடியில் வைத்தான். பிறகு ரொட்டியைப் பிய்த்தான்.