அடித்துவிட்டு வந்த விடை

பள்ளி முடிந்து கயத்தாறு பஸ்ஸில் ஏறினேன். இயற்பியல் நடத்தி நடத்தித் தொண்டை கட்டியிருந்தது.

பக்கத்தில் என் வயதுப் பெண். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார். அறிவியலில் மட்டும் இரண்டு முறை தேறவில்லை.

நான் டீச்சர் என்றதும் நோட்டை நீட்டினார். நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் போகும் பஸ் ஐந்து நொடியில் நின்றால், முடுக்கம் என்ன?

"கடைசி வேகத்துல முதல் வேகத்தைக் கழிச்சு, நேரத்தால வகுத்தேன். மைனஸ் நாலு வருது. தப்புதான டீச்சர்?"

"சரிதான். வேகம் குறையுதுல்லா, அதான் மைனஸ்."

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி, அந்த மைனஸைப் பார்த்தார்.

"அப்போ போன பரீட்சையில வந்த இதே மாதிரிக் கணக்கையும் சரியாத்தான் போட்டிருக்கேன். மைனஸைப் பாத்துப் பயந்து விடையை அடிச்சிட்டு வந்துட்டேன்."

பன்னிரண்டு வருடமாக இந்தக் கணக்கை நடத்துகிறேன். மைனஸ் வந்தால் பயப்படாதீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

என்னிடம் படித்தவர்களில் இப்படிச் சரியான விடையை அடித்தவர்கள் இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். திட்டினாலும் இன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன்.