மெத்தைக்காரியின் இடது பக்கம்

தெருவே அவளை மெத்தைக்காரி என்றுதான் கூப்பிட்டது. பஞ்சு மெத்தையில் உள்ளங்கையை ஓடவிட்டால், உள்ளே புதைந்த கட்டி தானாக வந்து விரல்நுனியில் நிற்குமாம். ஒருதரம் கட்டியோடு அதில் படுத்தவரின் கெட்ட கனவும் வந்து ஒட்டிக்கொள்ள, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம். பழைய பஞ்சை மட்டும் புது உறையில் திணிக்கமாட்டாள். "பஞ்சு படுத்தவங்களை மறக்காது" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் புற்றுநோய் வந்து, இடது மார்பில் ஒரு பகுதியை எடுத்தார்கள். நோய் அடங்கியபின், தொடைக் கொழுப்பை உறிஞ்சி ஊசியால் அந்தப் பள்ளத்தில் நிரப்பினார்கள்.

"இனி மாடிப்படி ஏறினா கால் வலிக்காது அண்ணி, நெஞ்சுதான் வலிக்கும்" என்றாள் நாத்தனார்.

மெத்தைக்காரியும் சிரித்தாள். ஆனால் தையல் மிஷினை மிதித்து ஓய்ந்த மாலைகளில் அந்த இடம் தனியே துடித்தது. அவள் உட்கார்ந்திருக்க, அது மட்டும் எங்கோ நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் குளிக்கையில் அங்கே ஒரு கட்டி விரலில் தட்டியது. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தாள். கை தன் வேலையைத் தொடங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சுக்கட்டியை உடைப்பதுபோல் தினமும் பிசைந்தாள். அது உடையவில்லை. பக்கத்தில் இன்னொன்று முளைத்தது.

கன்றிப்போன தோலை நாத்தனார் பார்த்துவிட்டாள். "பஞ்சை அடிக்கிற மாதிரி உங்களையே அடிச்சுக்கிறீங்களா அண்ணி? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

ஸ்கேன் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள், கண்களைப்போல் அவளைப் பார்த்தன.

"கொழுப்பு வச்சதால நோய் திரும்பிடுச்சா டாக்டர்?"

"வச்சதால கூடுதலா திரும்புதுன்னு இதுவரைக்கும் ஆராய்ச்சியில தெரியலம்மா. ரத்தம் கிடைக்காத கொழுப்பு செத்து, கட்டியாகும், எண்ணெயாவும் தேங்கும். இதுவும் அப்படித்தான் தெரியுது. ஆனா உங்களுக்கு ஏற்கெனவே நோய் வந்ததால ஸ்கேனை மட்டும் நம்பமுடியாது, ஊசியால எடுத்துச் சோதிச்சிடலாம். பிசையறதை விடுங்க, அது பஞ்சு இல்ல."

முடிவு வந்தது. புற்று இல்லை. நாத்தனார் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்போ செத்தது ஒண்ணு எனக்குள்ள இருக்கு" என்றாள் மெத்தைக்காரி.

"உடம்பு மெல்லத் தின்னு கரைச்சிடும். இல்லன்னா அப்படியே கிடக்கும். புதுசா எது தட்டினாலும் உடனே வாங்க" என்றார் டாக்டர்.

அன்று மாலை கைகளை மடியில் கோத்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இடது பக்கம் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ருசித்து. தின்பது தன் உடம்புதானே, தின்னட்டும் என்று அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.