கொரில்லாவுக்கு வால், கிளிக்குப் பச்சை

நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளி தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. போன சாரல் சீசன் தொடங்கும் சமயம், புதுப் பிள்ளைகள் சேர்வதற்குள் முன்சுவரில் ஒரு காடு வரைந்துவிடச் சொன்னார் தாளாளர். வெளி ஓவியரைக் கூப்பிடுவதைவிட டீச்சருக்கு ரெண்டு டீ வாங்கிக் கொடுப்பது அவருக்குச் சுலபம். எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லாச் சுவர்களிலும் நிற்கிற யானையையும் மயிலையும் வரைய மனமில்லை. ஆப்பிரிக்க மழைக்காட்டில் சேர்ந்தே வாழ்ந்து, சேர்ந்தே அழிந்துவரும் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று கொரில்லா, இன்னொன்று சாம்பல் கிளி.

வரைய வரைய எனக்கு இரண்டின் மீதும் பைத்தியமே பிடித்தது. கொரில்லா கறுப்புதானே என்று தொடங்கினேன். ஃபோனில் படத்தைப் பெரிதாக்கினால் முதுகில் வெள்ளி, உச்சந்தலையில் செம்பட்டை. ஒன்றின் மூக்குச் சுருக்கம் இன்னொன்றுக்கு இருக்காதாம், நம் கைரேகை மாதிரி. ஆளைத் தூக்கி வீசும் பலத்தை வைத்துக்கொண்டு, இலைதழை தின்றபடி, குட்டிகள் மேலே ஏறி மிதித்தாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலமானால் தனக்குப் புதிதாக இலைப்படுக்கை போட்டுக்கொள்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சுருட்டிய பாயை விரிக்கவே ஆள் வேண்டும்.

கிளி அரைக் கிலோகூடத் தேறாது. ஆனால் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வெளிர்க்கோடு. அத்தனை சாம்பலும் முடிகிற இடத்தில் ஒரு சிவப்பு வால். இப்படி ஒரு நிறச் சேர்க்கையை நான் எந்தப் புடவையிலும் பார்த்ததில்லை. கொரில்லா ஓர் உறுமலிலும் பார்வையிலும் காரியத்தை முடித்துக்கொள்ளும். கிளி கேட்கிற குரலையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். கொரில்லாவைக் கறிக்காகக் கொல்கிறார்கள், அதன் காட்டை வெட்டுகிறார்கள். கிளியை, அது நம்மைப் போலப் பேசுகிறது என்பதற்காகவே பிடித்து விற்கிறார்கள். நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும்.

வரைந்து முடித்ததும் தாளாளர் பார்க்க வந்தார். குற்றாலத்துக் குரங்குகளையும் தென்னந்தோப்புக் கிளிகளையும் பார்த்தே வளர்ந்தவர்.

"என்ன டீச்சர், வாலைக் காணோம்?"

"கொரில்லாவுக்கு வால் கிடையாது அண்ணாச்சி."

"சரி, போகட்டும். கிளி ஏன் இப்படி வெளுத்துப் போய்க் கிடக்கு? கிளின்னா பச்சையாத்தான இருக்கும்? பெயின்ட் தீந்து போச்சுன்னு வாரவுக சிரிப்பாவ."

விளக்கினேன், படம் காட்டினேன். மறுநாள் காலையில் பச்சை பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார். "நீங்க அடிக்கியளா, நான் அடிக்கட்டுமா?"

"அதுக்குப் பதிலா முழுச் சுவத்துக்கும் வெள்ளையடிச்சிருங்க" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. அவர் அதையும் செய்யக்கூடியவர்.

அந்த நேரத்தில்தான் கடையநல்லூரிலிருந்து ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். உள்ளே போகாமல் கிளியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இத எனக்குத் தெரியும் டீச்சர். சவுதில நான் வண்டி ஓட்டுன வீட்டுல கூண்டுல கிடந்துச்சு. இதே சாம்பல், இதே செவப்பு வாலு. அந்த வீட்டுல எல்லாருக்கும் நான் டிரைவர்தான். எம் பேரச் சொல்லிக் கூப்புட்டது இது ஒண்ணுதான்."

"அதுக்கு உங்க பேரு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தாளாளர்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் அண்ணாச்சி. யாராவது கூப்புடணும்லா."

தாளாளர் டப்பாவைக் கீழே வைத்தார்.

கடையநல்லூர்க்காரர் என் பக்கம் திரும்பினார். "இதுக்குன்னு காடு இருக்கா டீச்சர்? கூண்டுலயே பொறக்கும்னு நெனச்சிருந்தேன்."

"இருக்குண்ணே. அங்கன கூட்டம் கூட்டமாத்தான் பறக்கும்."

அவர் கொரில்லாவையும் அதன் முதுகில் தொற்றியிருந்த குட்டிகளையும் பார்த்தார். பிறகு மறுபடியும் கிளியைப் பார்த்தார்.

"அப்போ இத மட்டும் ஏன் ஒத்தையில விட்டுட்டீங்க?"

நல்லவேளை, அன்று மத்தியானம்வரை சாரல் விழவில்லை. நான் சாம்பல் நிறத்தைக் கலக்கினேன். தாளாளர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.