காலை நீட்ட ஒரு பலகை

மைசூர் அக்ரஹாரத்திலிருந்து நஞ்சன்கூடு பதினைந்து மைல். ரயிலேறினால் அலுங்காமல் போய்விடலாம். ஆனால் பிளேக் வந்த அந்த வருஷம், ரயிலடியில் பிளேக் கட்டி இருக்கிறதா என்று அக்குளைத் தடவிப் பார்த்த பிறகே ஆட்களை உள்ளே விட்டார்கள்; பெண்களுக்கும் அதே கதிதான். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. எங்கள் அடுக்களையில் எலி விழுந்து செத்த அன்றே, கொல்லையில் கிடந்த பழைய கூண்டு வண்டியைக் குடியிருக்கும்படி செப்பனிட்டு, நஞ்சன்கூட்டில் கபினி ஆற்றுக்கு அப்பால் இருந்த என் மைத்துனர் தோப்புக்குப் போய்விடுவதென்று தீர்மானித்தோம்.

தச்சர்களெல்லாம் எங்களுக்கு முன்பே ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். ரம்பம், உளி, இழைப்புளி மூன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு நானே இறங்கினேன். கச்சேரியில் பேனா பிடித்த கை. முதல் பலகையை நார் ஓடும் திசைக்கு எதிராக இழைத்துப் பிய்த்தெறிந்தேன். இரண்டாவது பலகை ஆணி அடித்ததும் பிளந்தது. மாட்டை ஓட்டிவந்த கொள்ளேகாலத்துப் பழனி, சக்கரத்தில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தான்.

"ஏனுங்க சாமி, மரத்து மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

கோபம் மரத்தின்மேல் இல்லை. வண்டிக்குள் பாதி இடத்தைப் பெருமாளுக்கு விடவேண்டியிருந்தது. கோயிலாழ்வார் என்று நாங்கள் சொல்லும் பூஜைப் பெட்டிக்குத் தனி மேடை, அதற்கு மறைப்பு, மடிப் பாத்திரங்களுக்கு வேறொரு தட்டு. அம்மா சொன்ன அளவில் ஒரு விரற்கடைகூடக் குறைக்க முடியவில்லை. மிச்சமிருந்த இடத்தில் அம்மாவும் என் மனைவி செங்கமலமும் நானும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், படுக்க முடியாது. படுத்தால் கால் பெருமாள் பக்கம் போகும்.

விடியற்காலையில் புறப்பட்டோம். சாமுண்டி மலை இடப்பக்கம் வெகுநேரம் கூடவே வந்தது. வழியெல்லாம் வயல்களில் கீற்றுக் கொட்டகைகள். ஊரே வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

கடகோளாவில் மாட்டை அவிழ்த்தபோது உச்சிவேளை. செங்கமலத்தின் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

"ஒண்ணும் வேண்டாம்னா," என்றாள். "காலை மட்டும் நீட்டணும் போல இருக்கு."

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது தாறுமாறாகப் பேசியிருப்பேன். கீழே மண்ணில் அவளைப் படுக்க வைத்துக் கூப்பிடுதூரம் ஓடி, தண்ணீர் கொண்டுவந்தேன். திரும்பி வரும்போது அம்மா வண்டிக்குள்ளிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மேடையைப் பேர்த்துடுடா. பெருமாளை நான் மடியிலே ஏளப்பண்ணிண்டு வரேன். அவ காலை நீட்டட்டும்."

பேர்த்தேன். மேடைப் பலகைகளை ஒன்றாகச் சேர்த்து, முனையை நாக்குப்போலச் செதுக்கி, பக்கச் சட்டத்தில் துளையிட்டுச் செருகினேன். ஆணி மிச்சமில்லாததால் செய்த வேலை அது. நாக்கு துளைக்குள் கச்சிதமாக இறங்கி நின்றது. பழனி ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

"இது தாங்குமுங்க."

அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்த வார்த்தைதான். செங்கமலம் காலை நீட்டிப் படுத்து, கபினிப் பாலம் வரை தூங்கினாள். பாலத்தில் பிளேக் சோதனைக்காரர்கள் நிறுத்தினார்கள். காய்ச்சல் என்றதும், நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் ஆற்றோரக் கொட்டகைக்குத் திருப்பிவிட்டார்கள். மைத்துனருடைய தோப்பை நாங்கள் பார்க்கவேயில்லை.

அவள் அங்கே மறுநாள் போய்விட்டாள். அவளுடைய துணிகளோடு வண்டியையும் கொளுத்தவேண்டும் என்றார் கொட்டகை அதிகாரி. சட்டம் சரியானதுதான், ஆனாலும் அந்த மனிதரை அடிக்கவேண்டும்போல் இருந்தது எனக்கு. கூண்டு சீக்கிரம் சரிந்தது. ஆணி அடித்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. அவள் படுத்த பலகை மட்டும் பக்கச் சட்டத்தை விடாமல் கடைசிவரை நின்று எரிந்தது.

பழனி எங்கிருந்தோ ஒரு திறந்த வண்டி பிடித்துவந்தான். பாலத்தைத் தாண்ட எங்களை விடவில்லை; மைசூருக்கே திரும்பினோம். வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. அம்மா பதினைந்து மைலும் அந்தப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவே இல்லை.