பொம்மைக்குப் பக்கத்தில் நின்றவர்

சிங்கப்பூர் ஈசூனில் ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். தேக்கா சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் என் வேன் அந்த வழியாகத்தான் போகும். அங்கே வண்டிகளை எச்சரிக்கக் கொடி ஆட்டும் இயந்திரப் பொம்மை ஒன்று, அதன் பக்கத்தில் கொடியோடு ஒரு ஆள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, முகம் மூடிய துணி.

ஒரு நாள் இரண்டுமே பொம்மை என்று நினைத்து வேகமாக வந்துவிட்டேன். அவர் கொடியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். பிரேக் அடித்தேன். ஒரு முழம்தான் இடைவெளி.

பயத்தில் கத்தினேன். "கொடிய ஒழுங்கா ஆட்ட வேண்டியதுதானே லா!"

"ஆட்டினேன்ணே. அதுவுந்தான் ஆட்டுது. கும்பிட்டாத்தான் மனுசன்னு தெரியுது உங்களுக்கு."

வேனை நகர்த்திக்கொண்டே பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த லாரியையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பொம்மை மட்டும் நின்றது. வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இறங்கிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.