சேற்றில் சாய்ந்த ஜாக்கி

வீட்டிலேயே லொறி கழுவுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்கடுவத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றிச் செல்வது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே லொறியைக் கழுவிவிடுவேன். ரப்பர் குழாய், தும்புப் பிரஷ், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

சென்ற மழைக்காலத்தில் அடிப்பக்கமெல்லாம் சேறு அப்பியிருந்தது. லொறியை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கீழே படுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சரசு குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஜாக்கி சாயுற மாதிரி இருக்கு. வெளிய வாங்க!" என்று கத்தினாள்.

"இந்தா, இன்னும் கொஞ்சந்தான்," என்றேன்.

அவள் உடனே குழாயை வீசிவிட்டு, என் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். முதுகு கல்லில் உராய்ந்தது. திட்ட வாயெடுப்பதற்குள் லொறி தடாலென்று இறங்கியது. நான் படுத்திருந்த இடத்தில் அச்சு மண்ணில் புதைந்து கிடந்தது. நாங்கள் அடித்த தண்ணீரே ஜாக்கிக்கு அடியிலிருந்த மண்ணைக் கரைத்துவிட்டது.

"முதுகு வலிக்குதாங்க?" என்று கேட்டாள் சரசு. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் நான்கு பக்கச் சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் கழுவுகிறேன். அடியில் படுப்பதில்லை, நீளக் கம்பில் பிரஷைக் கட்டித் தேய்க்கிறேன். எட்டாத சேறு இருந்துவிட்டுப் போகட்டும். சரசு காத்துக் கொடுத்த உயிர் இது.