அளவுக் கோட்டோடு சரசா

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு ஷாஃப்ட் செய்யும் சின்னக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக நான் இன்ஸ்பெக்டர். போலீஸ் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். ஷாஃப்டை அளந்து, சரியா சொத்தையா என்று சொல்பவன். அதையும் நானாகச் சொல்லிவிட மாட்டேன். அளப்பேன், மறுபடி அளப்பேன், பிறகு மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவேன். பெயர் கோதண்டம். வில்லெல்லாம் பெயரோடு சரி.

வீட்டிலும் இதே லட்சணம்தான். மூன்று மாதம் முன்னால் முகப்பேரில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனோம். சிவப்பா சாம்பலா என்று கேட்க மூன்று பேருக்குப் போன் போட்டேன். மூன்றாவது ஆளுக்கு ரிங் போகும்போதே என் மனைவி சரசா கடைப் படி இறங்கிவிட்டாள்.

"என்னைக் கட்டிக்கவே அஞ்சு வாரம் ரோசனை பண்ண ஆளுதானே நீ! ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம கேட்டுட்டு அப்பாலதானே சரின்னே? நீயா ஒண்ணு முடிவு பண்ணி நான் பாத்ததே இல்ல."

சுருக்கென்றது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் அஞ்சு வாரம். இருபத்தைந்து வருடம் ஆகியும் அவள் மறக்கவில்லை. தன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒருத்தன் ஊரையே கேட்டான் என்றால் எவளுக்கு மனசு ஆறும்?

அதற்கடுத்த மாதம் எங்கள் கல்யாண நாள். யாரையும் கேட்காமல் கையில் அவள் பெயரைப் பச்சை குத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்றா சொன்னேன்? ஒரு பேச்சுக்குத்தான். காலையில் குத்திக்கலாம் என்று தோன்றும். மதியம் சாம்பார் சாதம் உள்ளே போனதும், ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று தோன்றும். தவிர, சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான். லேத் ஓட்டும் பாஸ்கரனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டு தடவை அவன் மெஷின் வரைக்கும் போய், சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"இன்னா அண்ணாத்தே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.

வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு பெருமை எனக்கு உண்டு.

வாய்தான் சும்மா இருந்தது, கை இருக்கவில்லை. கம்பெனி வழக்கப்படி ஒரு டிராயிங் போட்டேன். நடுவில் 'சரசா'. மேலே, அளவு காட்ட, இரண்டு பக்கமும் அம்பு வைத்த கோடு. நீளம் முப்பது மில்லி, கூடக் குறைய அரை மில்லி. கீழே மேனேஜர் கையெழுத்துக்கு விடுகிற மாதிரியே ஒரு கட்டம், ஓரத்தில் 'ஒப்புதல்'. அதை வேண்டுமென்றே காலியாக விட்டேன். இந்த ஒன்றுக்காவது எவன் கையெழுத்தும் வேண்டாம்.

கல்யாண நாளன்று அரை நாள் லீவு போட்டேன். ஆவடியில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் டாட்டூ கடை. குத்துகிற பெண் வர்ஷா, கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். டிராயிங்கைக் கொடுத்தேன்.

"இப்படியேவா அங்கிள்?"

"இம்மியும் மாறக் கூடாது" என்றேன், பெரிய இவன் மாதிரி.

அதை அப்படியே அச்செடுத்து, தடம் பதிய என் கையில் ஒட்டி உரித்தாள். "பாத்து சொல்லுங்க அங்கிள், அப்புறம் மாத்த முடியாது."

பக்கத்தில் ஊசி மெஷின் கிர்ரென்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஓகேம்மா, ஓகே!" என்றேன். இருபத்தாறு வருடத்தில் அளக்காமல் கொள்ளாமல், பார்க்கக்கூடச் செய்யாமல் நான் ஓகே சொன்ன ஒரே சரக்கு அதுதான்.

எல்லாம் முடிந்து கண்ணைத் திறந்தால், ஐயோ! சரசா இருந்தாள். அவள் தலைக்கு மேல் அம்பு வைத்த கோடும் இருந்தது. முப்பது, கூடக் குறைய அரை. கீழே 'ஒப்புதல்' என்று காலிக் கட்டம்.

"இதையெல்லாம் ஏம்மா குத்தினே?"

"நீங்கதானே அங்கிள் மாறக் கூடாதுன்னீங்க? புது மாதிரி டிசைன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் மேல் என்ன தப்பு?

முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரண்டே நிமிடத்தில் சரசா கண்டுபிடித்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே காரியம், அதுவும் சொத்தை.

"யாருய்யா உனக்கு இந்த ரோசனை சொன்னது? பாஸ்கரனா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது. யாரையும் கேக்கல சரசா."

சிரிப்பு நின்றது. "நெஜமாவா?"

"நெஜமா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

புண் ஆறிப் பொருக்கு உதிரப் பதினைந்து நாள் ஆனது. மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு கிளம்பியவனை வாசலில் நிறுத்தினாள்.

"கைய நீட்டு."

நீட்டினேன். காலண்டர் ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவைப் பிடுங்கி வந்து, அந்தக் காலிக் கட்டத்துக்குள் தன் கையெழுத்தைப் பொறுமையாகப் போட்டாள்.

"நானும் அஞ்சு வாரம் உன்னைக் காக்க வைக்கணும்னுதான் இருந்தேன்," என்றாள். "மனசு கேக்கல. போ, பஸ்ஸு போயிடப் போவுது."